இலவசச் சிகிச்சைக்கு முந்தைய 6 மாதங்கள்: புற்றுநோய்க் கவனிப்பில் சமத்துவம் கேட்ட ஒரு கொள்கை முயற்சி

எதைப் பற்றிய பதிவு

புற்றுநோய்ச் சிகிச்சை முழுவதும் இலவசம் என்று அறிவித்திருந்த ஒரு பொதுக் காப்பீட்டுத் திட்டத்தில், புற்றுநோயை உறுதிசெய்யும் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. கையில் காசு உள்ளவர்கள் தனியார் லேபில் ஒரே வாரத்தில் அறிக்கை வாங்கினார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்த ஓட்டையை அடைக்க நோயாளிகள், செவிலியர்கள், மருத்துவச் சமூகப் பணியாளர்கள், ஒரு பெத்தாலஜி (திசு ஆய்வு) மருத்துவர் ஆகியோர் சேர்ந்த சிறு குழு ஒன்று சுமார் இரண்டு ஆண்டுகள் பாடுபட்டது. தொடக்கம் முதல் இன்றைய நிலைவரை அந்த முயற்சி இங்கே பதிவாகிறது. ஆட்கள், ஊர்கள், மருத்துவமனைகளின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

குழு மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய் இது. தாமதமானால் அதே நோய் உயிரைப் பறிக்கிறது. ஆகவே ஒரு சுகாதார அமைப்பு எங்கே ஒழுகுகிறது என்பதை இந்த நோய் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். உலக சுகாதார அமைப்பும் அதன் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கு இதற்குச் சான்று. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மிக உயர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். கீழ்நிலையில் உள்ள நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவு, சாவு அதிகம். ஒரே நாட்டுக்குள், ஒரே மாவட்டத்துக்குள்கூட இந்தப் பிளவு இருக்கிறது.

பின்னணி

சம்பவம் நடந்த வட்டாரத்தில் 5 மாவட்டங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் அரசுப் புற்றுநோய் மையம் ஐந்துக்கும் சேர்த்து ஒன்றுதான், அதுவும் தலைநகரில். மாவட்ட மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் அல்ட்ராசவுண்ட் வசதியும் இருந்தன. பெத்தாலஜி லேப் இரண்டு இடங்களில் மட்டும்.

காப்பீட்டுத் திட்டம் அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றுக்கும் முழுத் தொகை கொடுத்தது. பணம் வர முன் அனுமதி வேண்டும். முன் அனுமதி கேட்கும் விண்ணப்பத்துடன் திசு ஆய்வு அறிக்கையை இணைக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பெறும் செலவு திட்டத்தின் பட்டியலில் இல்லை. திட்டத்தின் கண்ணில், அறிக்கை வரும்வரை அவர் புற்றுநோயாளி அல்ல. புற்றுநோயாளி அல்லாதவருக்காகச் செலவழிக்கக் கணக்குத் தலைப்பு கிடையாது. கெட்ட எண்ணத்தோடு யாரும் இப்படி எழுதிவைக்கவில்லை. மருத்துவமனைச் செலவைச் சமாளிக்க உருவான காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் உள்நோயாளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புறநோயாளிப் பரிசோதனைகள் அவற்றில் விட்டுப்போவது வழக்கம்.

ஒரு கோப்பு

குழு சேர்வதற்குக் காரணமாக இருந்தது ஒரே ஒரு நோயாளியின் கோப்பு. 46 வயது, தையல் வேலை. முதல் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தபோது இடது மார்பில் வலியில்லாத கட்டி, அளவு சுமார் 2.5 செ.மீ. அக்குளில் நெறிக்கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் தொற்று என்றால் அது சரியான மருந்து. காய்ச்சலும் சிவப்பும் வலியும் இல்லாத கெட்டியான கட்டிக்கு அது நாளைத்தான் கடத்தும்.

24-ஆம் நாள் அதே மருந்து இரண்டாவது சுற்று. 41-ஆம் நாள் மாவட்ட மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு. அதில் அவசரம் என்ற குறிப்பு இல்லை. 58-ஆம் நாள் அங்கே பதிவு, 73-ஆம் நாள் ஸ்கேன், 86-ஆம் நாள் ஊசி வழியாகத் திசு எடுத்தார்கள். எடுத்த திசு ஒரு காலி மருந்துப் புட்டியில் சலைனில் போடப்பட்டு, கணவர் கையில் கொடுக்கப்பட்டது. புட்டியின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் பெயரின் முதல் பாதி மட்டும். எடுத்த நேரம் இல்லை, எந்தப் பக்க மார்பு என்றும் இல்லை. மறுநாள் மதியம் தனியார் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது திசு சிதைந்திருந்தது. “ஆய்வுக்கு உகந்ததல்ல” என்று ஒற்றை வரி அறிக்கை வந்தது. அதற்கும் கட்டணம் கட்டியாயிற்று.

112-ஆம் நாள் மறுபடியும் ஊசி. 123-ஆம் நாள் புற்றுநோய் உறுதியானது. ஆனால் எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 பரிசோதனைகளுக்குத் தனிக் கட்டணம். அதைப் புரட்டி, அறிக்கை கைக்கு வர 149-ஆம் நாள் ஆகிவிட்டது. முன் அனுமதி விண்ணப்பம் 158-ஆம் நாள் போனது. அடையாள அட்டையில் ஒரு தலைப்பெழுத்து, லேப் அறிக்கையில் வேறொன்று என்பதால் திரும்பி வந்து, 171-ஆம் நாள் ஒப்புதல் கிடைத்தது. 180-ஆம் நாள் புற்றுநோய் மையத்தில் முதல் கீமோ ஏற்றப்பட்டபோது கட்டி 5.5 செ.மீ., அக்குளில் நெறிக்கட்டிகள். முதல் நாள் அளவுப்படி ஆரம்பகட்டமான 2ஏ நிலை என்று கொள்ளத்தக்க நோய், முற்றிய 3ஏ நிலைக்குப் போயிருந்தது.

இந்தக் கோப்பைக் கையாண்ட எவரும் தம் வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்த தாளை உரிய நாளுக்குள் நகர்த்தினார்கள். மேசைகளுக்கு இடையே கழிந்த நாட்களுக்குத்தான் பொறுப்பாளர் இல்லை. கொள்கையால் மட்டுமே சரிசெய்யக்கூடிய பிழை இது. ஒரு நல்ல மருத்துவரோ ஒரு கருணையுள்ள செவிலியரோ ஒரு நோயாளிக்கு இதைச் சரிசெய்யலாம். ஆயிரம் பேருக்குச் செய்ய முடியாது.

என்ன கவனிக்கப்பட்டது

ஒரு கோப்பை வைத்துக்கொண்டு அரசிடம் போனால் “வருந்தத்தக்க தனிச் சம்பவம்” என்று பதில் வரும். ஆகவே குழு முதலில் மேலும் கோப்புகளைத் திரட்டியது. எந்தப் பதிவேட்டிலிருந்து திரட்டுவது என்பதில்தான் பாதி வெற்றி. சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டை எடுத்தால், சிகிச்சைவரை வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். பாதியில் நின்றவர்களும் இறந்தவர்களும் அதில் இருக்க மாட்டார்கள். கணக்கு உண்மையைவிட நன்றாகத் தெரியும். அதனால் இரண்டு பெத்தாலஜி லேப்களின் பதிவேட்டிலிருந்து தொடங்கி, புற்றுநோய் என்று அறிக்கை வந்த ஒவ்வொருவரும் பிறகு எங்கே போனார் என்று முன்னோக்கியும், எப்போது முதன்முதலில் மருத்துவரைப் பார்த்தார் என்று பின்னோக்கியும் தேடினார்கள். மருத்துவமனைகளின் அனுமதியும் நோயாளி அல்லது குடும்பத்தினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பெற்று, பெயர்களை நீக்கி எண்களாக்கி, 60-க்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்தன.

ஒவ்வொரு கோப்பிலும் ஐந்து தேதிகள் குறிக்கப்பட்டன: முதன்முதலில் சுகாதாரப் பணியாளரைப் பார்த்தது, மாவட்ட மருத்துவமனைக்கு வந்தது, திசு எடுத்தது, ஏற்பிப் பரிசோதனையும் சேர்ந்த முழு அறிக்கை வந்தது, முதல் சிகிச்சை. ஐந்து தேதிகள் என்றால் நான்கு இடைவெளிகள். சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவு, அதாவது எல்லோரையும் நாட்கணக்குப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் கணக்கு, எடுக்கப்பட்டது. ஓரிரண்டு பேர் ஓராண்டு காணாமல் போயிருந்தால் சராசரி எகிறிவிடும்; “அந்த இரண்டு பேரால்தான்” என்று அதிகாரி தள்ளிவிட முடியும். இடைநிலை அளவை அப்படித் தள்ள முடியாது.

கிடைத்த சித்திரம் இது. முதல் வருகைக்கும் முழு அறிக்கைக்கும் இடையேதான் பெரும்பகுதி நாட்கள் கரைந்தன. இடைநிலை அளவு நான்கு மாதங்களுக்கு மேல். அறிக்கை வந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில் ஏழை, வசதியுள்ளவர் வேறுபாடு சிறியதாகவே இருந்தது. அதாவது காப்பீடு எட்டிய இடத்தில் சமத்துவம் ஓரளவு வந்திருந்தது. எட்டாத இடத்தில் இல்லை. கொள்கை வேலை செய்கிறது என்பதற்கான இந்தச் சான்றே பிறகு மிக உதவியது. மாவட்டத் தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு இடைவெளியும் நீண்டது. புற்றுநோய் உறுதியான பின்னும் சிகிச்சைக்கு வராமல் போனவர்களில் அநேகமாக எல்லோரும் அந்தத் தொலைதூர ஊர்க்காரர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, 2023-இல் வெளியான அதன் செயல்திட்டத்தில் மூன்று இலக்குகளை வைக்கிறது. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் முதல் அல்லது இரண்டாம் நிலையிலேயே கண்டறியப்பட வேண்டும். முதல் வருகையிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும். 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். அரசு ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் அமைப்பின் அளவுகோலை அதன் முன் வைப்பது, குழு சொந்தமாக ஓர் எண்ணைச் சொல்வதைவிட வலுவானது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கூட்டத்தில் கோரிக்கைகள் குவிந்தன. மாவட்டத்துக்கு ஒரு கதிர்வீச்சு இயந்திரம், எல்லோருக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), விலையுயர்ந்த மருந்துகள், வலி நிவாரணம், விழிப்புணர்வு முகாம்கள். எல்லாமே நியாயமானவை. ஆனால் பத்துக் கோரிக்கைகளோடு போகும் குழுவுக்குப் பெரும்பாலும் செலவே இல்லாத ஒன்றுதான் கிடைக்கும். அது அநேகமாக விழிப்புணர்வு முகாமாக இருக்கும்.

கதிர்வீச்சு இயந்திரம் முதலில் விலக்கப்பட்டது. தடித்த கான்கிரீட் அறை, மருத்துவ இயற்பியலாளர், தடையில்லா மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம் இவையெல்லாம் சேர்ந்தால்தான் அது இயந்திரம். இல்லாவிட்டால் பூட்டிய அறையில் கிடக்கும் பெட்டி. மேமோகிராம் பற்றித்தான் நீண்ட விவாதம் நடந்தது. அறிகுறி உள்ளவரையே நான்கு மாதம் காக்கவைக்கும் அமைப்பில், அறிகுறி இல்லாதவர்களை அழைத்துப் பரிசோதித்தால் அதே வரிசை இன்னும் நீளும். கட்டியோடு நிற்பவர் மேலும் பின்னால் தள்ளப்படுவார். முதலில் ஆரம்பகால நோயறிதல், அது சீரான பிறகே அறிகுறி இல்லாதவர்களுக்கான பரவலான பரிசோதனை என்று முடிவானது.

எஞ்சியவை மூன்று. நோயறிதலுக்கான தொகுப்பைக் காப்பீட்டில் சேர்ப்பது, 60 நாள் வரம்புக்கு ஓர் அதிகாரியைப் பதவிப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாக்குவது, பயணப்படி.

அடுத்த கேள்வி, எந்தத் தாளை மாற்ற வேண்டும் என்பது. சட்டம் தேவையில்லை என்று தெரிந்தது. காப்பீட்டின் சிகிச்சைப் பட்டியல் ஆண்டுக்கொருமுறை திருத்தப்படுகிறது. அதற்குச் சுகாதாரத் துறைச் செயலரின் ஆணையும் நிதித் துறையின் இசைவும் போதும். நிதித் துறைக்குக் கருத்துரு வரவுசெலவுக் கூட்டத்தொடருக்குப் பல மாதங்கள் முன்பே போயாக வேண்டும். அந்தக் காலக்கெடு முடிந்தபின் எத்தனை பெரிய பேரணி நடத்தினாலும் அடுத்த ஆண்டுதான். ஆகவே குழுவின் நாட்காட்டி அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டது.

செலவுக் கணக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இதில் தவறும் குழுக்கள் ஏராளம். உறுதியான புற்றுநோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் செலவு மிகக் குறைவாகத் தெரியும். ஆனால் மார்பில் கட்டி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. பரிசோதனையோ அத்தனை பேருக்கும் தேவைப்படலாம். நிதித் துறை அலுவலர் முதலில் கேட்பதே இதைத்தான். அங்கே கணக்கு உடைந்தால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். எனவே கட்டியோடு வருவோர், அவர்களில் ஸ்கேன் தேவைப்படுவோர், அவர்களில் திசு ஆய்வு தேவைப்படுவோர், அவர்களில் ஏற்பிப் பரிசோதனை தேவைப்படுவோர் என்று படிப்படியாக மாவட்டப் பதிவேடுகளிலிருந்தே எண்ணிக்கை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே செலவு போடப்பட்டது. தாமதமான நோயாளிக்கு ஆகும் கூடுதல் சிகிச்சைச் செலவு தனிப் பத்தியில். அதைச் சேமிப்பு என்று காட்டவில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் அரசுக்குக் காசு மிச்சம் என்ற வாதம் எப்போதும் உண்மையாகாது. அதிகம் பேர் சிகிச்சைக்கு வந்தால் மொத்தச் செலவு கூடவும் கூடும். உயிர் பிழைப்பார்கள் என்பதே போதுமான காரணம் என்று குழு எழுதியது.

ஒரு மருந்து நிறுவனம் கூட்டச் செலவை ஏற்க முன்வந்தது. குழு மறுத்தது. ஹெர்-2 பரிசோதனை அதிகமானால், அந்த வகை நோய்க்கான மருந்தான டிராஸ்டுசுமாப் விற்பனை அதிகமாகும். அந்த மருந்து 2015 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, தேவையானதும்கூட. ஆனால் பரிசோதனையைக் கேட்பவர்களின் பின்னால் அந்தப் பணம் இருந்தால் கோரிக்கையே சந்தேகத்துக்குள்ளாகும்.

நீதிமன்றம் போகலாம், பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்றும் சிலர் வாதாடினார்கள். தரவை முதலில் துறையிடம் கொடுத்து 30 நாள் அவகாசம் தருவது, பதில் வராவிட்டால் வெளியிடுவது என்று முடிவானது. துறைக்குள்ளேயே இந்த ஓட்டையை அடைக்க விரும்பிய அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் தற்காப்பில் இறங்கிவிடாமல், இந்தக் கணக்கைக் கையில் எடுத்து மேலே பேச இடம் வேண்டியிருந்தது.

சந்திப்பு

கிடைத்தது 20 நிமிடம். ஒரே பக்கக் குறிப்பு: மேலே கோரிக்கை மூன்று வரி, நடுவில் நான்கு இடைவெளிகளின் பட்டைப்படம், கீழே எந்த ஆணையின் எந்தப் பத்தியில் எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும் என்ற வரைவு. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் எழுதுவதே இல்லை. அதிகாரி வரைவை மறுக்கலாம், மாற்றலாம். வரைவே இல்லாவிட்டால் “பரிசீலிக்கிறோம்” என்பதோடு முடிந்துவிடும்.

பேசியவர்களில் இருவர் நோயாளிகள். என்ன சொல்ல விருப்பம், எதைச் சொல்ல விருப்பமில்லை என்று முன்பே அவர்களிடம் கேட்டு வைத்திருந்தார்கள். புகைப்படம் கிடையாது, தழும்பைக் காட்டச் சொல்வது கிடையாது. நிதித் துறை அலுவலர் ஒருவர் அவர்களில் மூத்தவரிடம் கேட்டார்: “ஆஸ்பத்திரி இலவசம்தானே அம்மா, அப்புறம் எதுல செலவு?” அவர் பையிலிருந்து லேப் ரசீதுகளையும் பேருந்துச் சீட்டுக் கட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். “ஆஸ்பத்திரிக்குள்ள இலவசம்தான் ஐயா. உள்ள விடறதுக்கு ஒரு காகிதம் கேக்கறாங்க, அந்தக் காகிதம்தான் காசு.” திட்டத்தின் குறையை இதைவிடச் சுருக்கமாகக் குழுவின் எந்த ஆவணமும் சொல்லவில்லை.

என்ன நடந்தது

வரைவு ஆணை சில மாதங்களில் வந்தது. 60 நாள் வரம்பின் முன்னால் “இயன்றவரை” என்ற சொல் நுழைந்திருந்தது. திசு ஆய்வு சேர்க்கப்பட்டிருந்தது. ஏற்பிப் பரிசோதனை விடுபட்டிருந்தது. செலவைக் குறைக்கச் செய்த வெட்டு அது. குழு உணர்ச்சிகரமாக எதுவும் எழுதவில்லை. துறையின் சொந்த முன் அனுமதிப் படிவத்தை நகலெடுத்து, அதில் ஏற்பி அறிக்கை கட்டாயம் என்று இருந்த கட்டத்தை வட்டமிட்டு அனுப்பியது. அரசு கட்டாயமாகக் கேட்கும் தாளுக்கு அரசே பணம் தர மறுக்கிறது என்பது அந்த ஒரு வட்டத்தில் தெரிந்துவிட்டது. இறுதி ஆணையில் பரிசோதனை சேர்ந்தது. “இயன்றவரை” நீக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதற்கு ஈடாக, 60 நாளைத் தாண்டும் ஒவ்வொரு கோப்புக்கும் மாவட்ட மருத்துவமனைக் கண்காணிப்பாளர் காரணம் எழுதி மாதந்தோறும் அனுப்ப வேண்டும் என்ற வரி கிடைத்தது. இந்த வரி கிடைத்ததில் இழப்பு பெருமளவு ஈடாயிற்று.

ஆணை கையெழுத்தான பிறகே உண்மையான வேலை தொடங்கியது.

முதல் இரண்டு மாத அறிக்கைகள் பிரமாதமாக இருந்தன, சந்தேகப்படும் அளவுக்கு. விசாரித்தால், மருத்துவமனைகள் 60 நாளைத் திசு எடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தன. ஆணையில் “முதல் வருகை” என்றுதான் இருந்தது; யாரிடம் முதல் வருகை என்று இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பரிந்துரைச் சீட்டில் உள்ள தேதியே தொடக்கம் என்று விளக்கச் சுற்றறிக்கை வந்ததும் எண்கள் மோசமாயின. அதுவே உண்மை நிலவரம். இலக்கு வைக்கும் எந்தக் கொள்கையிலும் கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது என்பதை ஆணைக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

திசு கெட்டுப்போகும் சிக்கலுக்குப் பணம் மட்டும் தீர்வாகவில்லை. திசு சிதையாமல் காக்கும் 10 விழுக்காடு பஃபர் ஃபார்மலின் நிரப்பிய, மூடி இறுகும் புட்டிகள் மாவட்ட மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்கித் தரப்பட்டன. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். குறைந்தாலும் மிகுந்தாலும் ஏற்பிப் பரிசோதனை பொய்யாக எதிர்மறை காட்டலாம். அப்படிக் காட்டினால் டாமாக்சிஃபென் போன்ற மலிவான, பயனுள்ள மாத்திரை கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமலே போய்விடும். புட்டியின் மேல் அச்சிட்ட சீட்டில் பெயர், எண், எந்தப் பக்கம், திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என்று ஐந்து கட்டங்கள். சேகரிப்பு வண்டி வாரம் இருமுறை. வெள்ளிக்கிழமை எடுத்த திசு செவ்வாய்க்கிழமை லேபுக்குப் போய் 72 மணியைத் தாண்டியது தெரிந்ததும், திசு எடுக்கும் நாட்கள் வண்டி நாளோடு பொருத்தப்பட்டன.

மாதிரிகள் ஒழுங்காக வரத் தொடங்கியதும் நெரிசல் லேபுக்கு இடம் மாறியது. ஒரே பெத்தாலஜி மருத்துவர் இரண்டு மாவட்ட ஸ்லைடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. அறிக்கைக்கான காத்திருப்பு நீண்டது. விலை உச்சவரம்போடு மேலும் ஒரு லேபை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே தணிந்தது.

பயணப்படியில் நடந்தது வேறு. சிகிச்சைக்குப் பின் பயணச்சீட்டுகளைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று விதி. கிட்டத்தட்ட யாரும் பெறவில்லை. பகிர்வு வண்டிகளில் சீட்டே கிடையாது. இருந்தாலும், கையில் காசில்லாதவர் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு வாங்குவது எப்படி? ஓராண்டு கழித்துத்தான் இது மாறியது. இப்போது ஊரின் தூரத்தைப் பொறுத்த நிலையான தொகை, பரிந்துரைச் சீட்டு எழுதும் அன்றே முன்பணமாக வழங்கப்படுகிறது. வழங்குபவர் நோயாளி வழிகாட்டிப் பணியாளர். அடையாள அட்டைப் பெயரைப் பரிந்துரைச் சீட்டில் எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பதும் அவர் வேலை. தலைப்பெழுத்துப் பிழையால் முன் அனுமதி திரும்புவது இந்தச் சிறு வேலையால் பெரும்பாலும் நின்றுபோனது.

இப்போதைய நிலை

முதல் வருகையிலிருந்து முழு அறிக்கைவரையான இடைநிலைக் காலம் நான்கு மாதங்களுக்கு மேல் என்பதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு இறங்கியிருக்கிறது. சொந்தக் காசில் பரிசோதித்தவருக்கும் திட்டத்தில் பரிசோதித்தவருக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது. தொலைதூர ஊர்களில் 60 நாள் வரம்பு இன்னும் எட்டப்படவில்லை. அங்கே முதல் இடைவெளியே, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழியும் நாட்களே, நீள்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கும் பழக்கத்தை ஆணை மாற்றிவிடாது. 30 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் வலியில்லாத கட்டி என்றால் அன்றே பரிந்துரைச் சீட்டு என்ற ஒற்றை விதி இப்போது சுவரொட்டியாக அறைகளில் இருக்கிறது. கிராமச் செவிலியர்கள் நேரடியாகச் சீட்டு எழுதவும் அனுமதி உண்டு.

நோய் நிலை குறைந்திருக்கிறதா, இறப்பு குறைந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இன்னும் விடை சொல்லும் காலம் வரவில்லை. அதற்குப் பல ஆண்டுகளின் பதிவு வேண்டும். இடைப்பட்ட காலத்தில் நாட்கணக்கை வெற்றியாக முழங்குவது தவறு. ஆனால் நாட்கணக்கு அற்பமானதும் அல்ல. 2020-இல் பிஎம்ஜே இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, பொதுவான 7 புற்றுநோய்களில் சிகிச்சை 4 வாரம் தள்ளிப்போவதே இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று காட்டியது.

மாற வேண்டியவை

மூன்று விஷயங்களை இதே வழியில் இறங்கும் வேறு குழுக்கள் தொடக்கத்திலேயே செய்யலாம். கடிகாரத்தின் தொடக்கம், அளக்கும் முறை, வெளியிடும் கடமை மூன்றையும் வரைவிலேயே எழுதுவது. மாத அறிக்கைகள் பொதுவில் வெளியாக வேண்டும் என்ற வரி இங்கே இல்லை; குழு ஒவ்வொரு முறையும் விண்ணப்பித்துத்தான் வாங்குகிறது. தூரம் வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்க வேண்டும். மாவட்டச் சராசரி நன்றாக இருக்கும்போது மலையடிவார ஊர் அதற்குள் மறைந்துவிடுகிறது.

வழிகாட்டிப் பணியாளர் பதவி ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிரந்தரக் கணக்குத் தலைப்பு கேட்கப்படவில்லை, ஏனெனில் அந்த ஆண்டில் புதிய பணியிடங்களுக்குத் தடை இருந்தது. முடிவு அப்போது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அந்த ஒருவர் போனால் பயணப்படி, பெயர் சரிபார்ப்பு, காணாமல் போனவரைத் தொலைபேசியில் அழைப்பது எல்லாம் ஒரே நாளில் நிற்கும்.

வலி நிவாரணம் முதல் கோரிக்கையில் விடப்பட்டது. மிகக் கனமான முடிவு அதுதான், குழுவுக்குள் இன்னும் எல்லோருக்கும் உடன்பாடில்லை. வலி தணிப்புக் கவனிப்பைச் சுகாதார அமைப்பின் பகுதியாக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2014-இலேயே தீர்மானம் போட்டிருக்கிறது. வாய்வழி மார்ஃபின் மலிவான மருந்து. தாமதமாக வந்தவர்களுக்கு அதுவும் இல்லாமல் போனது. மார்ஃபின் இருப்பு வைக்கும் உரிமத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கு எளிதாக்கும் தனிக் கருத்துரு இப்போது துறையில் இருக்கிறது.

மூன்றாவது இலக்கான 80 விழுக்காடு அடுத்த வேலை. டாமாக்சிஃபென் நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் குறைந்தது 5 ஆண்டுகள் எடுக்க வேண்டிய மாத்திரை. தற்போதைய விதிப்படி ஒரு மாத மாத்திரைதான் ஒருமுறை தருவார்கள், அதுவும் தலைநகர மையத்தில் மட்டும். 5 ஆண்டுகளில் 60 பயணங்கள். மூன்று மாத மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழங்க வேண்டும் என்ற ஒரு பத்தித் திருத்தம், செலவுக் குறிப்போடும் மருந்து வாங்கிச் செல்லாதவர்களின் பெயர் நீக்கிய பட்டியலோடும், வரும் ஆண்டின் பட்டியல் திருத்தத்துக்காக நிதித் துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.